மானாங் போராவின் வசவும் சலாசரின் முதல் கோப்பையும்

எங்கள் தீவின் துறைமுக ஊரான புவெர்ட்டோ சலாசரில் மானாங் போராவிடம் ஒரு தடவையாவது திட்டு வாங்காதவர் கிடையாது. மானாங் என்றால் எங்கள் பக்கத்தில் அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். தெலெஸ்போரா இபான்யெஸ் என்ற முழுப்பெயர் ஞானஸ்நானப் பதிவோடு சரி. விளையாட்டு அரங்கின் வாசலில், வாதுமை மரத்தடியில் அவள் கடை. கோழிக்காலும் கோழிக்குடலும் பன்றிக்கறியும் மூங்கில் குச்சியில் குத்திக் கரியில் சுடுவாள். தென்னங்குருத்தில் பின்னிய சிறு கூடுகளில் வெந்த சோறு தலைக்குமேல் கொத்துக் கொத்தாகத் தொங்கும். புகைக்கு நடுவிலிருந்து அவள் குரல் கொடுத்தால் துறையில் கயிறு கட்டிக்கொண்டிருக்கும் படகுக்காரன் திரும்பிப் பார்ப்பான்.

அரங்கத்தில் ஸ்கோர்போர்டில் எண் மாற்றுகிற வேலை எனக்கு. ஆட்டம் தொடங்கியதும் அவள் கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு உள்ளே வந்து எனக்கு நேர் பின்வரிசையில் உட்காருவாள். என் வலது காது இன்றைக்கு மந்தமாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அவள் புருஷன் எலியுதெரியோவும் கூடைப்பந்து ஆடியவன்தான். திருவிழாவுக்குத் திருவிழா ஊர் ஊராகப் போய்க் கூலிக்கு ஆடுகிற ஆட்டக்காரன். நல்ல கை அவனுக்கு. மகள் ரோவெனா தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், மிண்டனாவோவில் ஓர் ஆட்டம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன் என்று படகேறினான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. தாவாவோவில் அவனை வேறொரு குடும்பத்தோடு பார்த்ததாகச் சில வருடம் கழித்து யாரோ வந்து சொன்னார்கள். மானாங் போரா உள்ளே போனாள். அலமாரியிலிருந்து அவன் ஜெயித்த கோப்பை ஒன்றை எடுத்துக் கழுவினாள். மறுநாளிலிருந்து கடையில் தொட்டுக்கொள்கிற வினிகரும் மிளகாயும் அந்தக் கோப்பையில்தான் இருந்தது.

"எனக்கு ஆட்டம் பிடிக்கும். ஆடுறவனைத்தான் பிடிக்காது" என்பாள்.

அப்படிப்பட்டவளின் மகள் ஓர் ஆட்டக்காரனைக் கட்டிக்கொண்டாள்.

மாகாணங்களுக்கான தொழில்முறை லீக் ஒன்று தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கியபோது, சர்க்கரை ஆலை முதலாளி எங்கள் ஊருக்கென்று ஓர் அணியை வாங்கினார். ஆலையின் முத்திரை எருமை என்பதால் அணிக்கும் சலாசர் எருமைகள் என்றே பெயர் வைத்தார். அந்த அணியின் நடு ஆட்டக்காரன் எர்மோஹெனெஸ் கபாஹுக். ஊரில் மோஹென். கரும்பு வெட்டுகிற குடும்பத்துப் பிள்ளை, மலையிலிருந்து இறங்கி வந்தவன். ஆறரை அடி. எங்கள் தீவில் அப்படி ஒருவன் பிறப்பது அபூர்வம். ஆனால் உடம்புக்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லை. எதிரணிக்காரன்மேல் தோள் பட்டுவிட்டால் நின்று, "மன்னிச்சுக்கோ அண்ணே, அடி பட்டுச்சா?" என்று கேட்பான். அவன் கேட்டு முடிப்பதற்குள் அவர்கள் அந்தப் பக்கம் பந்தைப் போட்டிருப்பார்கள்.

ரோவெனா அவனைத்தான் கட்டுவேன் என்றாள். தாய் முடியாது என்றாள். மகளுக்குத் தாயின் பிடிவாதம். கல்யாணம் நடந்தது. மானாங் போரா சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்து, பாதிரியார் ஆசீர்வாதம் முடித்ததும் எழுந்து போய்விட்டாள். மருமகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசவில்லையே தவிர, ஆட்டத்துக்கு ஆட்டம் வந்து கத்தினாள்.

"டேய் தென்னைமரம்! மரத்துல இருந்து தேங்காதான்டா விழும், மரமே ஏன்டா விழுது?"

"மன்னிப்புக் கேக்க சர்ச் இருக்குடா! இங்க பந்தை எடு!"

"என் பொண்ணைத் தூக்கிட்டுப் போகத் தெரிஞ்சுதுல்ல? அதைவிடவா அந்தப் பந்து கனம்?"

முதல் வருடம் நாங்கள் தோற்காத ஊர் இல்லை. போன இடமெல்லாம் எதிர்க்கூட்டம் மாடு கத்துவதுபோல் கத்தி, "போய்ச் சேத்துல படுங்க!" என்றது. ஆனாலும் எங்கள் அரங்கம் காலியாகவில்லை. உண்மையைச் சொன்னால், பாதிப்பேர் ஆட்டம் பார்க்க வந்தார்கள், மீதிப்பேர் மானாங் போராவைக் கேட்க வந்தார்கள்.

இரண்டாம் வருடம் முதலாளி மணிலாவிலிருந்து லியாண்ட்ரோ துமாபா என்பவரைக் கோச்சாகக் கொண்டுவந்தார். சிரிக்காத மனுஷர். விடியும் முன்பே ஆட்டக்காரர்களைக் கடற்கரை மணலில் ஓடவிட்டார். துறையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மேசியோ என்ற குட்டையனைக் கண்டுபிடித்து அணியில் சேர்த்தவரும் அவர்தான். மேசியோ மோஹெனின் அக்குளுக்குக்கூட எட்டமாட்டான். ஆனால் அவன் கையில் பந்து இருந்தால் அது எங்கே போகும் என்று அவனைப் பெற்றவளுக்கும் தெரியாது. எருமைகள் ஜெயிக்கத் தொடங்கின. முதலில் உள்ளூரில், பிறகு வெளியூரிலும்.

அப்போதுதான் அந்தச் சம்பவம். உள்ளூர் ஆட்டம், ஒரு புள்ளி முன்னிலை, முடிய சில நொடிகள். எதிரணிக்காரன் போட்ட பந்தை மோஹென் சுத்தமாகத் தட்டிவிட்டான். ரெஃப்ரி விசில் ஊதி ஃபவுல் என்றார். என் காதுக்குப் பின்னாலிருந்து ஏதோ பறந்து போனது. தென்னங்குருத்துச் சோற்றுக்கூடு. அது நேராகப் போய் ரெஃப்ரியின் வழுக்கைத் தலையில் விழுந்து பிரிந்தது. சோற்றைத் தட்டிவிட்டுக்கொண்டே அவர் எங்கள் அணிக்கு இன்னொரு ஃபவுலையும் சேர்த்துப் போட்டார். அதற்கெல்லாம் அவர்களுக்குக் கிடைத்த இலவச எறிகளில் ஒரு புள்ளியில் தோற்றோம்.

கோச் படியேறி வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அம்மா, பன்னெண்டு பேரு உயிரைக் கொடுத்து ஆடினாங்க. நீங்க ஒரு கை வீசினதுல அது போச்சு. இந்த சீசன் முடியற வரைக்கும் உள்ள வராதீங்க."

மானாங் போரா வாயைத் திறந்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள். நான் அவளை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. தோளில் போட்டிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அதற்குப் பின் மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றோம். அவள் வாசலில் ரேடியோவை வைத்துக்கொண்டு ரேடியோவைத் திட்டினாள். உள்ளே மோஹென் பூசை வைக்கிற பாதிரியார்போல மெதுவாக நடந்துகொண்டிருந்தான்.

மூன்றாவது தோல்விக்கு மறுநாள் காலை நான் அவள் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மோஹென் வந்தான். தொங்குகிற சோற்றுக்கூடுகள் நெற்றியில் இடிக்காமல் இருக்கக் குனிந்து நின்றான். இரண்டு வருடத்தில் அவர்கள் நேருக்கு நேர் நின்றது அன்றைக்குத்தான்.

கரியை விசிறிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "என்ன வேணும்? கோழியா, குடலா?"

"திட்டு வேணும்மா."

விசிறி நின்றது. "என்னது?"

"நீங்க கத்துனாத்தான் எனக்கு எங்க நிக்கணும்னே தெரியுது. மத்தவங்க எல்லாம் பந்தைப் பாக்குறாங்க. நீங்க ஒருத்தர்தாம்மா பந்து எங்க இருந்தாலும் என்னையே பாக்குறீங்க."

"நான் ஒண்ணும் உன் அழகைப் பாக்கல. நீ எப்ப ஓடிப்போவேன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

மோஹென் கொஞ்சம் யோசித்தான். அவன் எதற்கும் கொஞ்சம் யோசிப்பான். "நான் எங்கம்மா ஓடுறது? பந்து கையில இருக்கும்போதே ஓடமாட்டேங்கிறேன்னுதானே திட்டுறீங்க."

எனக்குப் புரையேறிவிட்டது. மானாங் போரா வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கரியை விசிறினாள். தோள் குலுங்கியதைப் பார்த்தேன். சிரிக்கிறாள் என்று தெரிந்தது, ஆனால் அவனுக்குக் காட்டவில்லை. திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது.

"அந்த மணிலாக்காரர்தான் விடமாட்டாரே."

"நான் பேசுறேன்."

அவன் பேசினான். கோச் அவளை வரவழைத்து ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நம்ம ஆளுங்களை என்ன வேணா சொல்லுங்க. ரெஃப்ரியை மட்டும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. கை ரெண்டும் மடியில இருக்கணும்."

அதை அவள் காப்பாற்றினாள். எப்படியென்றால், விசில் சத்தம் கேட்டதும் எழுந்து மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வாள். பின்வரிசைக்காரர்களைப் பார்த்துப் பல்லைக் கடிப்பாள். விசில் விவகாரம் ஓய்ந்ததும் திரும்பி, "டேய் தென்னைமரம்!" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். அவள் எழுந்து திரும்பும்போதெல்லாம் அரங்கமே சேர்ந்து எழுந்து திரும்ப ஆரம்பித்தது. கோச் சிரிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை.

அந்தத் திட்டோடு சேர்ந்து மோஹெனுக்குக் காலும் வந்தது. "பந்தை எடு!" என்ற குரல் கேட்டவுடன் அவன் எழும்புவான், வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்து அவன் கைக்கு வந்து சேரும். அங்கிருந்து மேசியோவுக்கு, மேசியோவிடமிருந்து யாருக்கோ, கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு புள்ளி. நான் எண்களை மாற்றி மாற்றி விரல் கறுத்தது. அரையிறுதியில் போன வருடத்துச் சாம்பியன்களை அவர்கள் ஊரிலேயே சாய்த்தோம். இறுதிச் சுற்றில் செபு மார்லின்கள். ஐந்து ஆட்டம். எங்கள் ஊரில் நாங்கள் இரண்டு ஜெயித்தோம், அவர்கள் ஊரில் அவர்கள் இரண்டு. ஐந்தாவது செபுவில்.

அணி முன்கூட்டியே போய்விட்டது. ஊர்க்காரர்கள் படகேறுவதற்கு முந்தின நாள் சந்தையில் ஒரு பேச்சு கிளம்பியது. மணிலாவில் ஒரு பெரிய அணி மோஹெனைக் கேட்டிருக்கிறதாம், அவனும் போகப் போகிறானாம். ரோவெனாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

நான் கோழிக்கால் வாங்கப் போனபோது மானாங் போரா ஒருவரோடும் பேசாமல் குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "செபுவுக்கு வரலையா மானாங்?" என்று கேட்டேன்.

"நான் எதுக்கு? வழியனுப்பவா? ஒருத்தனை வழியனுப்பினது போதும்."

ரோவெனா பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "சந்தையில சொன்னதைக் கேட்டியே, என்கிட்ட கேட்டியா? மணிலாக்காரங்க வந்தது நிஜம்தான். இவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'அம்மா கூட வருவாங்களான்னு கேட்டுட்டுச் சொல்றேன்'னு சொல்லிட்டு வந்திருக்காரு."

"அவ மலையில கரும்பு வெட்டிக்கிட்டு இருக்கா. அவளை எதுக்கு மணிலாவுக்கு..."

"அவங்க அம்மா இல்ல. உன்னை."

மானாங் போரா கரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கம்பியின்மேல் கோழிக்கால்கள் தீய்ந்துகொண்டிருந்தன. அவள் திருப்பவே இல்லை. நான் எடுத்துத் திருப்பினேன். என் கையைத் தட்டிவிட்டு, "என் கடையில நீ என்னடா பண்றே?" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "படகு எத்தனை மணிக்குடா டோனிங்?"

செபு அரங்கம் எங்களுடையதைப்போல நான்கு மடங்கு இருக்கும். வந்த இருநூறு பேரையும் கூரைக்குப் பக்கத்தில், கடைசி மாடியில் உட்காரவைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மோஹென்கூடக் கட்டைவிரல் உயரம்தான். கீழே பத்தாயிரம் பேர் மாடு கத்துவதுபோல் கத்திக்கொண்டிருந்தார்கள்.

மார்லின்களின் நடு ஆட்டக்காரன் பகாரோ என்ற முரடன். முழங்கையால் பேசுகிறவன். முதல் பாதி முழுக்க மோஹெனின் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தான். ஒரு தடவை மோஹென் இடித்து அவன் விழுந்தபோது, இவன் பழைய வழக்கப்படி குனிந்து கை கொடுத்தான். அந்த நேரத்தில் அவர்கள் ஓடிப்போய் இரண்டு புள்ளி எடுத்தார்கள். மானாங் போரா நெஞ்சு வெடிக்கக் கத்தினாள். அந்த இரைச்சலில் அடுத்த வரிசைக்காரனுக்கே அது கேட்கவில்லை. மோஹென் இரண்டு மூன்று தடவை தலையைத் தூக்கி மாடிகளைத் துழாவிப் பார்த்தான். பாதி ஆட்டம் முடிந்தபோது பதினோரு புள்ளி பின்தங்கியிருந்தோம்.

அவள் உட்கார்ந்தாள். தொண்டை கட்டிப்போயிருந்தது. "கேக்கலடா அவனுக்கு" என்றாள் என்னிடம். "எங்க நிக்குறதுன்னு தெரியாம நிக்குறான்."

எனக்கு என்ன தோன்றியதோ, பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னேன். "மானாங் என்ன சொல்றாங்களோ, அதை எல்லாரும் திருப்பிச் சொல்லுங்க." பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்க் கசாப்புக்காரர் தனக்குப் பின்னாலிருந்தவர்களிடம் சொன்னார். ஆலைப் பெண்கள் அவர்களுக்குப் பின்னால் சொன்னார்கள். எங்கள் பங்குப் பாதிரியாரும் வந்திருந்தார். "நானும் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து நின்றார்.

இரண்டாம் பாதி தொடங்கியது. மானாங் போரா எழுந்தாள். கட்டிப்போன குரலில், "டேய் தென்னைமரம்!" என்றாள்.

இருநூறு பேர் ஒரே தொண்டையாக, "டேய் தென்னைமரம்!" என்றோம்.

கீழே மோஹென் நின்றுவிட்டான். அண்ணாந்து பார்த்தான். எங்களைக் கண்டுபிடித்துவிட்டான். அவ்வளவு தொலைவிலிருந்தும் அவன் பல் தெரிந்தது.

"பந்தை எடு!"

"பந்தை எடு!"

எடுத்தான். அதற்கப்புறம் அந்த அரங்கத்தில் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்து எதுவும் வேறொருவன் கைக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. பகாரோ முழங்கையைத் தூக்கினால் இவன் மலைபோல நின்றான். பகாரோ தானாக மோதித் தானாக விழுந்தான். மோஹெனின் கை வழக்கப்படி கீழே போகப் பார்த்தது. "சர்ச்சுல கேட்டுக்கோ!" என்று மானாங் போரா கத்த, பாதிரியார் உட்பட நாங்கள் அத்தனை பேரும் "சர்ச்சுல கேட்டுக்கோ!" என்றோம். அவன் கையை இழுத்துக்கொண்டு ஓடினான். பதினொன்று ஏழாயிற்று, ஏழு மூன்றாயிற்று. கீழே பத்தாயிரம் பேரும் மாடு கத்துவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள்.

கடைசி நிமிடம். ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம். பந்து எங்களிடம். மேசியோ இரண்டு பேருக்கு நடுவில் நுழைந்து எம்பிப் போட்டான். பந்து வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்தது. மோஹென் எழும்பினான், எடுத்தான். வளையத்துக்கு நேர் கீழே நிற்கிறான். மூன்று பேர் அவன்மேல் பாய்கிறார்கள்.

"போடுடா!" என்று மானாங் போரா அலறினாள். நாங்களும் அலறினோம். "போடுடா! போடுடா!"

அவன் போடவில்லை. வலது மூலைக்குப் பந்தைத் தள்ளினான். பந்தைப் போட்ட வேகத்தில் அங்கே ஒதுங்கிப் போயிருந்த மேசியோ ஆளில்லாமல் நின்றிருந்தான்.

"ஏன்டா குடுத்தே, முட்டாப்..."

அந்த வார்த்தையை அவள் முடிக்கவில்லை. பந்து மேசியோவின் கையைவிட்டுப் போய் வலைக்குள் இறங்கி, ஒலிப்பானும் அடித்துவிட்டது.

 கசாப்புக்காரர் என்னை அப்படியே தூக்கிவிட்டார். ஆலைப் பெண்கள் பாதிரியாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். மானாங் போரா மட்டும் படிகளில் இறங்கத் தொடங்கினாள். காவலர்கள் தடுத்தார்கள். அவள் என்ன சொன்னாளோ, வழி விட்டார்கள். நான் பின்னாலேயே ஓடினேன்.

மோஹென் வியர்வையும் கண்ணீருமாக மைதானத்தின் நடுவில் நின்றான். அவள் அவன்முன் போய் நின்றாள். அவன் நெஞ்சுக்குக் கீழேதான் அவள் தலை இருந்தது.

"நான் போடச் சொன்னேன்."

"மேசியோ தனியா நின்னாம்மா."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "குனி."

அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். அவன் குனிந்தான். தோள்துண்டை எடுத்து அவன் முகத்தைத் துடைத்தாள். நெற்றி, கண், கழுத்து எல்லாம், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்குத் துடைப்பதுபோல. "விலாவுல ரொம்ப வலிக்குதா மகனே?" என்றாள். அவ்வளவு பெரிய ஆள் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மினான். பாரம் தாங்காமல் அவள் சாய, நான் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்தேன்.

மறுநாள் எங்களைத் துறையில் இறக்கிய படகை எதிர்கொள்ள ஊரே வந்திருந்தது. ஆலையின் கரும்பு லாரியில் அணியை ஏற்றினார்கள். பாண்டு வாத்தியம் முன்னால் போக, நிஜ எருமைகள் இரண்டைக் கொம்புக்குச் சாயம் பூசிக் கூடவே ஓட்டி வந்தார்கள். மேசியோ கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினான். ஊர்ச் சதுக்கத்தில் ஏழு பன்றி நெருப்பில் சுழன்றுகொண்டிருந்தது.

மேயர் பேசிய பிறகு மைக்கைக் கோச்சிடம் கொடுத்தார். கோச் துமாபா, "எனக்குப் பேச்சு வராது. பேசுறவங்க கீழ நிக்கறாங்க" என்று மைக்கை மானாங் போராவிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்கு இது?" என்று அவள் அதைத் தள்ளிவிட, கூட்டம் சிரித்தது. லாரிமேல் ஏறினாள். ஆட்டக்காரர்களை வரிசையாகப் பார்த்தாள். ஒவ்வொருவனாகத் திட்ட ஆரம்பித்தாள். மேசியோ யாருக்கும் பந்து கொடுக்காமல் பொம்மைபோல வைத்து விளையாடுகிறான் என்றாள். இன்னொருவன் தலைக்கு எண்ணெய் வைக்கிற நேரத்தில் பாதியாவது பயிற்சிக்குக் கொடுக்கலாமே என்றாள். கோச்சைப் பார்த்து, "ஐயா, ஜெயிச்சுட்டோம். இப்பவாவது அந்தப் பல்லைக் காட்டினா குறைஞ்சா போயிடும்?" என்றாள். கோச் சிரித்துவிட்டார். ஒவ்வொரு திட்டுக்கும் சதுக்கம் அதிர்ந்தது.

கடைசியில் மோஹென் முன் வந்து நின்றாள். கூட்டம் அடங்கியது. அவன் தலையைக் குனிந்து காத்திருந்தான்.

"உன்னைச் சொல்றதுக்கு இன்னிக்கு ஒண்ணும் இல்லடா" என்றாள்.

அப்போது எழுந்த சத்தத்தில் வாத்தியக்காரர்கள் வாசிப்பது யாருக்கும் கேட்கவில்லை. ரோவெனா லாரிக்குக் கீழே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நடு மதியம், நல்ல வெயில். நாங்கள் சாயங்காலம்வரை ஆடினோம்.